மீட்டாத நரம்புகள்

2004ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் நகரின் கிறிஸ்டி ஏல மன்றத்தில் பழைய மரக்கித்தார் ஒன்று ஏலத்துக்கு வந்தது. அமெரிக்காவின் மார்ட்டின் தொழிற்கூடத்தில் 1939ஆம் ஆண்டு உருவான கருவி அது. ஆங்கிலேயக் கலைஞர் எரிக் கிளாப்டன் 1992ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மின்கித்தாரை ஒதுக்கி வைத்துவிட்டு நிகழ்த்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி இசையரங்கில் அதை மீட்டினார். அக்கருவி 791,500 அமெரிக்க வெள்ளிக்கு விலைபோயிற்று. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2020ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கர்ட் கோபேன் என்பார் 1993ஆம் ஆண்டு அதே இசையரங்க வரிசையில் மீட்டிய 1959ஆம் ஆண்டுக் கித்தார் 6,010,000 அமெரிக்க வெள்ளியைத் தொட்டது. ஒரு மரக்கூட்டுக்கும் ஆறு நரம்புகளுக்கும் இத்துணை விலையா என்று கேட்டவர் வாய் பிளந்தனர்.

அவர்கள் வியந்தது பிழையன்று. வியந்த இடம்தான் பிழை. அவ்விரு கருவிகளும் ஒலித்தவை. மனித விரல்பட்டுத் தேய்ந்தவை. ஒரு காலத்தின் குரலாக நின்றவை. அவற்றுக்குக் கொடுத்த விலை மிகையாகவே இருக்கட்டும். ஒலித்த ஒலிக்காகக் கொடுத்த விலை என்றேனும் அதற்கு ஒரு பொருள் உண்டு. கண்டிக்கத்தக்கது வேறொன்று உண்டு. ஒருமுறையேனும் ஒலிக்குமுன்னரே, தொழிற்கூடத்தின் வாயிலைத் தாண்டுமுன்னரே, 'அரும்பொருள்' என்று முத்திரை குத்தப்பட்டு, எண்ணிடப்பட்டு, கலைஞன் ஒருவனின் கையொப்பம் பதிக்கப்பட்டு, அப்படியே பேழைக்குள் புகுந்து உறங்கிப்போகும் கித்தார்கள்தாம் கண்டிக்கத்தக்கவை. எண்ணிக்கை வரையறுத்த கையொப்பப் பதிப்பு என்பது அவற்றின் பெயர். அவற்றை நாடெங்கும் தேடி அலைவதும், கிடைத்ததும் பூட்டி வைப்பதும் இன்று ஒரு பெருந்தொழில். பலருக்கு ஒரு பெருநோய்.

கலைஞனின் பெயரைக் கருவியில் பொறிக்கும் வழக்கம் தொடக்கத்தில் இழிவானதன்று. 1920களின் இறுதியில் கிப்சன் நிறுவனம் நிக் லூக்கஸ் என்னும் பாடகரின் பெயரால் ஒரு கித்தாரை விற்பனைக்கு விட்டது. கலைஞர் ஒருவரின் பெயர் தாங்கிக் கடைக்கு வந்த முதல் கித்தார் அதுவே என்பர். சிறிய உருவும் ஆழ்ந்த உடலும் உடைய அக்கருவி, மேடையில் நின்று பாடுகிறவனின் தேவையை எண்ணிச் செய்யப்பட்டது. அங்கே பெயர் என்பது ஒரு பட்டறிவின் சான்று. 'இன்ன கலைஞன் இப்படிக் கேட்டான். கேட்டபடி செய்தோம்' என்பதே அதன் பொருள்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். இருப்புப்பாதைத் தொழிலாளியாக உழைத்து, காசநோய்க்கு ஆளாகி, பின் அமெரிக்க நாட்டுப்புற இசையின் தந்தை எனப் போற்றப்பட்டவர். 1928ஆம் ஆண்டு மார்ட்டின் தொழிற்கூடம் அவருக்கென ஒரு கித்தார் செய்தது. அதன் விரற்பலகையில் அவர் பெயர் சிப்பியால் இழைக்கப்பட்டிருந்தது. பின்பலகையில் 'நன்றி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுதப்பட்டிருந்தது. அவரைப் பின்பற்றிப் பாடத் தொடங்கிய ஜீன் ஆட்ரி என்னும் இளைஞர், தம் தலைவனுடையதை விஞ்சும் கருவி ஒன்று வேண்டுமென்று 1933ஆம் ஆண்டு கேட்டார். அப்படிப் பிறந்ததே 'டி-45' வரிசையின் முதற் கித்தார். அது இன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆட்ரியின் பெயர் தாங்கும் அருங்காட்சியகத்துக்கு உரியது.

இந்த டி-45 வரிசையின் கதையை ஊன்றி நோக்கினால் கித்தார் உலகின் இன்றைய போலித்தனம் தெற்றென விளங்கும். 1933 முதல் 1942 வரை அவ்வரிசையில் 91 கித்தார்களே செய்யப்பட்டன. ஏன் 91? யாரேனும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, 'தொண்ணூற்றொன்றோடு நிறுத்துவோம். அப்போதுதான் விலை ஏறும்' என்று திட்டமிட்டார்களா? இல்லை. நாடே வேலையின்றி வாடிய பொருளாதார மந்த காலம் அது. கிளிஞ்சல் இழைத்த விலையுயர்ந்த கித்தாரை வாங்க ஆளில்லை. பின்னர்ப் போர் வந்தது, வேலை நின்றது. மீண்டும் அவ்வரிசை தொடங்கியது 1968ஆம் ஆண்டில்தான். ஆகவே அந்தத் தொண்ணூற்றொன்றின் அருமை, வறுமையும் போரும் சேர்ந்து விளைத்த அருமை. அது காலத்தின் கணக்கு.

இனி 1995ஆம் ஆண்டுக்கு வருக. அவ்வாண்டு மார்ட்டின் நிறுவனம் கிளாப்டன் பெயரால் '000-42இசி' என்னும் பதிப்பை வெளியிட்டது. எத்தனை? 461. ஏன் 461? 1974ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றின் பெயரில் 461 என்னும் வீட்டு இலக்கம் வருகிறது, அதனால் 461! மரம் கிடைக்காமல் நின்ற எண்ணன்று. கைவினைஞர் இல்லாமல் நின்ற எண்ணன்று. வாங்குவார் இல்லாமல் நின்ற எண்ணுமன்று. வாங்குவார் முட்டி மோதினர். பதிப்பு வந்த வேகத்தில் தீர்ந்தது. எனினும் 462ஆம் கித்தார் பிறக்கவில்லை. பிறந்தால் முன்னைய 461 பேரின் பெருமை குன்றிவிடும் அல்லவா? பஞ்சம் வந்து நெல் அரிதாவது ஒன்று. களஞ்சியத்தைப் பூட்டி நெல்லை அரிதாக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் 'அரிது' என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் தீங்காகும்.

இதில் இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அடுத்த ஆண்டே, அதாவது 1996இல், அதே நிறுவனம் அதே கிளாப்டன் பெயரால் '000-28இசி' என்னும் கித்தாரை எண்ணிக்கை வரையறை எதுவுமின்றி வெளியிட்டது. ஏறத்தாழ அதே உருவம், அதே பெயர், அணிகள் மட்டும் குறைவு, விலையும் குறைவு. வேண்டுவோர் வாங்கினர், வாங்கியோர் மீட்டினர். இசையரங்குகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அது ஒலித்தது. ஆகவே பெயரைப் பொறிப்பது குற்றமன்று என்பதற்கு அந்நிறுவனமே சான்று. குற்றம் அந்த எண்ணில் இருக்கிறது. எண்ணைப் பொறித்த கணத்தில் கருவி பங்குப் பத்திரமாக மாறிவிடுகிறது.

தேடுவோரின் நடைமுறையைக் காண்போர்க்கு இது புலப்படும். கித்தாரின் ஒலித்துளை வழியே உள்ளே நோக்கினால், கழுத்தும் உடலும் கூடும் கட்டையில் தொடர் எண் குத்தப்பட்டிருக்கும். மார்ட்டின் நிறுவனத்தார் 1898ஆம் ஆண்டு 8000 என்னும் எண்ணில் தொடங்கிய கணக்கு அது. 2004ஆம் ஆண்டு பத்து இலட்சத்தை எட்டியது. எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது என்பது அச்சிட்ட பட்டியலாகவே கிடைக்கும். பழங்கருவியின் வயதை அறிய அது நல்ல துணை. கள்ளப் பொருளைக் கண்டறியவும் உதவும். ஆனால் கையொப்பப் பதிப்பைத் தேடுவோன் அத்துடன் நிற்பதில்லை. உள்ளே ஒட்டிய சீட்டில் கலைஞன் தன் கையால் ஒப்பமிட்டிருக்கிறானா, நிறுவனத் தலைவரின் ஒப்பம் பக்கத்தில் உண்டா, பதிப்பு வரிசையில் அது எத்தனையாவது, முதல் எண்ணா கடைசி எண்ணா, உடன் வந்த பேழை அதே பேழைதானா, சான்றிதழ் மடங்காமல் இருக்கிறதா, கழுத்தில் தொங்கிய அட்டை எங்கே, மேற்பலகையின் காப்புத் தகட்டில் ஒட்டிய மெல்லிய உறை உரிக்கப்படாமல் இருக்கிறதா என்றெல்லாம் ஆராய்வான். ஊருக்கு ஊர் கடைக்காரர்க்குத் தூது விடுவான். இறந்தவர் வீட்டுப் பொருள்கள் ஏலம் போகும் செய்திக்காகக் காத்திருப்பான். கடல் கடந்தும் பணம் அனுப்புவான். இத்தனை கேள்விகளுக்கு இடையே அவன் கேட்க மறப்பது ஒன்றே: 'இதன் ஒலி எப்படி?'

மறப்பது என்று சொல்வதும் பொருந்தாது. கேட்டால் விலை குறையும் என்பதால் கேளாமல் விடுகிறான். இச்சந்தையில் ஒரு கித்தாரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு, 'இதை ஒருவரும் மீட்டியதில்லை' என்பது. ஓர் இசைக்கருவிக்கு இதனினும் கொடிய பழி உண்டா? பக்கம் வெட்டப்படாத நூலைக் காட்டி, 'இதை ஒருவரும் படித்ததில்லை. ஆகவே இதுவே என் நூலகத்தின் மணிமுடி' என்று ஓர் ஆசிரியர் சொன்னால் மாணவர் என்ன நினைப்பர்? நூலுலகில் நகைப்புக்கு இடமாகும் கூற்று, கித்தார் உலகில் விலைப்பட்டியலின் முதல் வரியாக நிற்கிறது. நாய் பெற்ற தெங்கம்பழம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. உருட்டிக்கொண்டே இருக்கும், உடைத்து உண்ணாது, உண்ணவல்லானுக்கும் விடாது.

'என் பணம்; என் விருப்பம்; இதில் பிறர்க்கு என்ன வழக்கு?' என்று உடைமையாளர் வினவலாம். வழக்கு உண்டு. அக்கருவி ஆன மரம் அவர் தோட்டத்தில் விளைந்ததன்று.

கித்தாரின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரம். அளவின்றி வெட்டினர், காடு மெலிந்தது. பிரேசில் அரசு மரக்கட்டைகளின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1969ஆம் ஆண்டு மார்ட்டின் நிறுவனம் தன் வழக்கமான வரிசைகளுக்கு இந்திய ரோஸ்வுட் மரத்துக்கு மாறியது. தமிழர் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் அழைக்கும் மரம் அது. நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் செல்வம். பெருமரமாக வளர அதற்குத் தலைமுறைகள் வேண்டும். பாட்டன் நட்டால் பேரன் வெட்டலாம் என்னும் கணக்கு. கிளாப்டனின் 461 கித்தார்களும் இந்தத் தோதகத்தியால் ஆனவையே. நீலகிரிச் சாரலையும் மலபார்க் காட்டையும் அறிந்த தமிழ் மாணவர்க்கு, அமெரிக்கப் பேழைகளுக்குள் ஒலியின்றி உறங்குவது எந்த மண்ணின் மரம் என்பதைச் சொல்லவேண்டிய தேவை இல்லை.

1992ஆம் ஆண்டு பிரேசில் மரம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகம் குறித்த சைட்டீஸ் உடன்படிக்கையின் முதற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன்பின் அம்மரத்தால் ஆன கித்தார் எல்லை தாண்ட உரிய சான்றுகள் வேண்டும். 2017ஆம் ஆண்டு சனவரியில் அக்குடும்பத்தின் எஞ்சிய இனங்கள் யாவும், தோதகத்தி உட்பட, இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன. கருவியைத் தோளில் சுமந்து நாடு நாடாகச் செல்லும் இசைவாணர் கலங்கினர், இசைக்குழுக்கள் முறையிட்டன. 2019ஆம் ஆண்டு நவம்பர் முதல், முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு அந்த இரண்டாம் பட்டியலின் தடையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் மரத்துக்கு அவ்விலக்கு இல்லை. விலக்கு யாருக்காக வந்தது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். மீட்டுவோனுக்காக வந்தது. 'இது வாழும் கருவி. இதனால் ஒருவன் பாடுகிறான். ஒருவன் உண்கிறான்' என்னும் அடிப்படையில் எழுந்த கோரிக்கை அது. அந்த நிழலில், ஒருபோதும் பாடப்போகாத பேழைகளும் எல்லை தாண்டுகின்றன. தடையால் பிரேசில் மரம் மேலும் அரிதானபோது, பதிப்பாளர் செய்தது என்ன? 'இப்பதிப்பில் சில மட்டும் பிரேசில் மரத்தால் ஆனவை' என்று சொல்லி விலையை மேலும் ஏற்றினர். ஒரு காட்டின் அழிவே விளம்பரமாயிற்று.

இந்த வழக்கத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவன இல்லாமலில்லை. அவற்றுள் வலிமை வாய்ந்தது அறக்கொடை. கையொப்பப் பதிப்புகள் பலவற்றின் வருவாயில் ஒரு பங்கு, கலைஞர் விரும்பும் அறப்பணிக்குச் செல்கிறது. அது உண்மை, பாராட்டத்தக்கது. ஆனால் அப்பங்கு செல்வது முதல் விற்பனையின்போது ஒருமுறைதான். அதன்பின் ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு மாறி, மாறும்தோறும் ஏறும் விலையில் ஓர் அனாதைக்கும் ஒரு காசு சேர்வதில்லை. மேலும், எண்ணிக்கையைக் கட்டிப்போடாமல் மும்மடங்கு கித்தார்களை விற்றிருந்தால் அறப்பணிக்கும் மிகுதியாகச் சென்றிருக்குமே! அறம் வேண்டும் என்பது எண்ணை வரையறுப்பதற்குக் காரணமாகாது.

'நாங்கள் காக்காவிட்டால் இக்கருவிகள் அழிந்துபோகும்' என்பது அடுத்த வாதம். 2015ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஹேட்ஃபுல் எயிட்' படப்பிடிப்பில் நிகழ்ந்ததைச் சான்று காட்டுவர். மார்ட்டின் அருங்காட்சியகம் இரவலாகத் தந்த 1870களின் கித்தார் ஒன்று அங்கே இருந்தது. உடைக்கும் காட்சிக்குப் போலிக் கித்தாரை மாற்றி வைத்திருக்க வேண்டும். மாற்றவில்லை. அதை அறியாத நடிகர் உண்மைக் கருவியையே தூணில் அடித்து நொறுக்கினார். எதிரே இருந்த நடிகை அலறியது நடிப்பன்று. அதன்பின் அவ்வருங்காட்சியகம் திரைப்படங்களுக்குக் கருவி தருவதில்லை என்று முடிவு செய்தது. நெஞ்சு பதறும் நிகழ்ச்சிதான். பழங்கருவிகளைத் தேடித் தூசி தட்டிக் காத்தவர்களுக்கு இசையுலகம் கடன்பட்டிருக்கிறது என்பதிலும் ஐயமில்லை. அவர்கள் இல்லையேல் அந்தத் தொண்ணூற்றொன்றில் எத்தனை குப்பைமேட்டுக்குப் போயிருக்குமோ! ஆனால் நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த மூதாட்டியைக் காப்பதும், பிறந்த குழந்தையை நடக்கவிடாமல் கண்ணாடிப் பேழையில் அடைப்பதும் ஒன்றாகுமா? முன்னது காப்பு, பின்னது சிறை.

மூன்றாவதாக, அன்பு என்பர். 'அக்கலைஞன்மீது கொண்ட அன்பினால் வாங்கினோம்' என்பர். இந்த வாதத்துக்குத்தான் மிகக் கசப்பான விடை இருக்கிறது. கிளாப்டன் தம் கித்தார்களை என்ன செய்தார்? 1999ஆம் ஆண்டு நூறு கித்தார்களை ஏலம் விட்டார். 2004ஆம் ஆண்டு மீண்டும் விட்டார். மேலே சொன்ன 1939ஆம் ஆண்டுக் கருவி அப்போது போனதுதான். போதைக்கு அடிமையானோரை மீட்க ஆண்டிகுவா தீவில் அவர் நிறுவிய மருத்துவ இல்லத்துக்கு அப்பணம் சென்றது. மூலக் கருவியைக் கலைஞன் மனமுவந்து கைவிட்டுவிட்டான். அதன் படியை வாங்கியவனோ பூட்டின்மேல் பூட்டிட்டுக் காவல் இருக்கிறான். தலைவன் துறந்ததைத் தொண்டன் துறக்கமாட்டாதது அன்பாயின், அன்பு என்னும் சொல்லுக்கு வேறு பொருள் தேடவேண்டும். வள்ளுவர் 'நன்றியில் செல்வம்' என்று ஓர் அதிகாரமே வகுத்தது இத்தகையோரை எண்ணித்தானோ!

கையொப்பக் கித்தார் வாங்கிய அனைவரும் அதைப் பூட்டி வைத்தனர் என்று சொல்வது நேர்மையாகாது. வாங்கிய அன்றே மேடையேற்றியவர் உண்டு. கீறல் விழுந்தபோது சிரித்தவரும் உண்டு. ஆயினும் சந்தை அவர்களைத் தண்டிக்கிறது. ஒவ்வொரு கீறலுக்கும் விலை குறைகிறது. குதிரையைச் செப்பமிட்டால் குறைகிறது. மெட்டுகளைப் புதுக்கினால் குறைகிறது. அதே வேளையில் இன்னொரு விந்தையும் நடக்கிறது. சில தொழிற்கூடங்கள் புதிய கித்தாரின் வண்ணப்பூச்சைத் தாமே உரசித் தேய்த்து, வெடிப்பு உண்டாக்கி, 'முதுமை ஏற்றியது' என்று கூடுதல் விலைக்கு விற்கின்றன! உழைத்து வந்த தழும்பு இழுக்கு. கூலிக்கு இட்ட தழும்பு அழகு.

தழும்பு என்றதும் நினைவுக்கு வரும் கித்தார் ஒன்று உண்டு. வில்லி நெல்சன் 1969ஆம் ஆண்டு, தம் பழைய கருவி உடைந்துபோனதால், நேரில் பாராமலே ஒரு மார்ட்டின் 'என்-20' வாங்கினார். நைலான் நரம்பு பூட்டி விரலால் மீட்டுவதற்கென்று அமைந்த கருவி அது. ஆகவே மேற்பலகையில் காப்புத் தகடு இல்லை. நெல்சனோ மீட்டுதகடு கொண்டு மீட்டினார். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, ஒலித்துளைக்கு அருகே மற்றுமொரு பெருந்துளை விழுந்துவிட்டது. வீடு தீப்பற்றியபோது அவர் உள்ளே ஓடி மீட்டு வந்த பொருள்களுள் அக்கித்தாரும் ஒன்று. நண்பரும் கலைஞரும் நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் ஒப்பமிட்டிருக்கின்றனர். பல ஒப்பங்கள் அவர் கைபட்டே அழிந்து மங்கின. அழிந்ததற்காக அவர் மீட்டுவதை நிறுத்தவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் அது மேடையில் ஒலித்தது. 1990களின் இறுதியில் அவர் பெயராலும் எண்ணிக்கை வரையறுத்த பதிப்பு ஒன்று வந்தது. அதை வாங்கியோர் அவர் பெயரைப் பெற்றனர். அந்தத் துளையைப் பெறவேண்டுமாயின் அவரவரே ஐம்பது ஆண்டு மீட்டவேண்டும்.

ஜிம்மி ராட்ஜர்ஸின் கித்தார் என்னவாயிற்று? 1933ஆம் ஆண்டு, முப்பத்தைந்து வயதில், அவர் காசநோயால் மறைந்தார். பெயர் இழைத்த அந்த அரிய கருவி மனைவியின் பொறுப்புக்கு வந்தது. அவர் அதைப் பேழையில் இட்டுப் பூட்டியிருக்கலாம், விற்றிருக்கலாம். கணவரின் பாடல்களைத் தேடித் தேடிக் கற்ற எர்னஸ்ட் டப் என்னும் இளைஞன், புகழோ பொருளோ இல்லாதவன், அவரைக் காண வந்தான். அம்மையார் அந்தக் கித்தாரை அவன் கையில் கொடுத்துவிட்டார். இறந்தவரின் பெயர் விரற்பலகையில் மின்ன, டப் அதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மீட்டினார். பின் அக்கருவி ராட்ஜர்ஸ் பிறந்த மண்ணான மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன் நகர அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. டப் தமக்கென வைத்திருந்த கித்தாரின் பின்புறத்திலும் அந்த 'நன்றி' என்னும் சொல் பெரிய எழுத்தில் இருந்தது. பாட்டு முடிந்ததும் கருவியைத் திருப்பி, அச்சொல்லை அவையோர்க்குக் காட்டுவார்.